நம்ம நேரம்

இர்யாவிடம் ஆற்றின் இரண்டு கரையிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். கடையில் பால் வாங்க வரிசையில் நிற்கும்போது கேட்பார்கள். தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத் திரும்பினால், தோளை உரசிக்கொண்டு வந்து கேட்பார்கள்.

"ஏன் இர்யா, அன்னிக்கு நீ எந்த நேரத்தச் சொன்ன?"

"தெரியல."

"சும்மா சொல்லு. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

"எனக்குத் தெரிஞ்சாத்தானே உன்கிட்ட சொல்றதுக்கு?"

யாரும் நம்பமாட்டார்கள். நமட்டுச் சிரிப்போடு நகர்ந்துவிடுவார்கள். அழுத்தக்காரி, வாயைத் திறக்கமாட்டாள் என்று இரண்டு ஊரிலும் பேர். உண்மையில் அவளுக்குத் தெரியாது. நேற்று யோசித்தால் ஒரு மாதிரி இருக்கும், இன்று யோசித்தால் வேறு மாதிரி இருக்கும்.

குர்க்கி என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. ஆற்றுக்குக் கிழக்கே இருக்கும் குர்க்கி பின்லாந்தில், மேற்கே இருக்கும் குர்க்கி சுவீடனில். பேச்சு ஒன்று, சாப்பாடு ஒன்று, கல்லறைகளில் பொறித்திருக்கும் குடும்பப் பெயர்களும் ஒன்று. கடிகாரம் மட்டும் வேறு. பின்லாந்துக் கடிகாரம் சுவீடன் கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடும். அதனால் அங்கே யாரும் வெறுமனே மணி சொல்வதில்லை. "பல் டாக்டர் பத்துக்கு வரச் சொல்லியிருக்கார், சுவீடன் நேரம்." "மாடு கன்னு போட்டது ஆறுக்கு, பின்லாந்து நேரம்." பேச்சு வந்த நாளிலிருந்தே பிள்ளைகளுக்கு இது பழகிவிடும்.

அந்த இரண்டு ஊரும் ஒவ்வொரு மார்ச் மாதமும் உறைந்த ஆற்றின் மேல் ஐஸ் ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தன. நாட்டின் எல்லைக்கோடு ஆற்றின் நடுவே போகிறது. ஆடுகளத்தின் நடுக்கோட்டையும் அதன் மேலேயே சிவப்புச் சாயத்தால் போட்டுவிடுவார்கள். ஆகவே பந்தாக ஓடும் ரப்பர் வட்டைத் துரத்திக்கொண்டு எதிரணியின் கோலுக்குப் போகிறவன் ஒவ்வொரு தடவையும் வெளிநாடு போய்த் திரும்புவான். நடுவர் சுங்க அதிகாரி. அவர் விசில் அடித்தால், தப்பாக ஆடினதுக்கா கடத்தலுக்கா என்று கரையிலிருந்து யாராவது கத்துவார்கள். ஆரம்பத்தில் இரண்டு தேசிய கீதங்களையும் வாய்விட்டுப் பாடுவார்கள். ஜெயித்தவர்களுக்கு ஒரு செம்புக் காப்பிக் கெண்டி. அது அடுத்த மார்ச் வரை அந்தக் கரையில் இருக்கும்.

தலைநகரத்துப் பத்திரிகைக்காரர்கள் யாரும் இதை எட்டிப் பார்த்ததில்லை. உலகக் கோப்பைக்கு வரலாறு எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு சர்வதேசப் போட்டி நடந்ததே தெரியாது. குர்க்கிக்காரர்களுக்கு அதில் மனத்தாங்கலும் இல்லை. அவர்களைக் கேட்டால் உலகக் கோப்பைதான் சின்ன ஆட்டம்.

இர்யா பிறந்தது பின்லாந்துக் கரையில். அவளுடைய அண்ணன் ரெய்னோ நடக்கக் கற்றதும் மட்டையைப் பிடித்தவன். கம்பு கிடைக்காத நாளில் இர்யாவையே கோல் கம்பமாக நிறுத்திவைத்துவிட்டு ஆடுவான். "அசையாதடி! நீ அசைஞ்சா கோல் பெருசாயிடும்" என்பான். குளிரில் மூக்கு சிவந்து அவள் நிற்பாள். எந்தப் பக்கத்துக் கோலுக்குக் கம்பமாக நிற்கிறோம் என்று அந்த வயதில் அவள் கேட்டதில்லை.

பெரியவளான பிறகு ஒரு மார்ச் ஆட்டத்தில் ரெய்னோவின் மட்டை எகிறி, எதிரணித் தலைவன் ஹில்டிங்கின் முன்பல்லைப் பெயர்த்துவிட்டது. கூட்டத்திலிருந்து ஓடிப்போய், கை நிறையப் பனியை அள்ளி அவன் வாயில் அழுத்திப் பிடித்தவள் இர்யா. பல்லைத் தேடினார்கள், அகப்படவில்லை. அது சுவீடனில் விழுந்ததா பின்லாந்தில் விழுந்ததா என்று இரண்டு ஊரும் ஒரு வாரம் சண்டை போட்டன. அடுத்த கோடையில் இர்யா ஹில்டிங்கைக் கட்டிக்கொண்டு அக்கரைக்குப் போனாள். "என் மட்டைதான் உங்க கல்யாணத் தரகர். கமிஷன் எங்கடா மச்சான்?" என்று கல்யாண விருந்தில் ரெய்னோ கேட்டான். "பல்லாவே குடுத்துட்டேனே" என்றான் ஹில்டிங்.

அக்கரை என்றால் என்ன, ஜன்னலைத் திறந்தால் பிறந்த வீட்டுப் புகைபோக்கி தெரியும். அவள் போகும்போது பிறந்த வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை எடுத்துப் போய்ப் புகுந்த வீட்டுச் சமையலறையில் மாட்டினாள். முள்ளைத் திருப்பவில்லை, அது பின்லாந்து நேரத்திலேயே ஓடியது. கூடத்தில் ஹில்டிங்கின் அப்பா காலத்துக் கடிகாரம் சுவீடன் நேரத்தில் ஓடியது. பள்ளிக்கூடத்துச் சமையல் வேலைக்குக் கிளம்பக் கூடத்துக் கடிகாரம். அம்மாவிடம் பேசச் சமையலறைக் கடிகாரம். இரண்டு அறைக்கும் நடுவில், நிலைப்படிக்குப் பக்கத்தில், தொலைபேசி.

பிறகுதான் அந்த வருஷம் வந்தது.

ஆட்டம் எப்போதும் ஞாயிறு பிரார்த்தனை முடிந்ததும் தொடங்கும். யாரும் மணி பார்க்க வேண்டியதில்லை. அந்த மார்ச்சில் பின்லாந்துக் கரையில் ஒரு பெரியவர் இறந்துபோனார். இரண்டு கரையிலும் சொந்தக்காரர்கள் உள்ளவர். ஞாயிறு பிற்பகல் அடக்கம். தேவாலயப் பணியாளர் சனிக்கிழமை இர்யா வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஆட்டத்தக் கொஞ்சம் முன்னாடியே வெச்சு முடிச்சிடச் சொல்லும்மா. ரெண்டு தலைவனும் உன் வீட்டு ஆளுங்கதானே."

ரெய்னோ, ஹில்டிங் இருவருமே காட்டில் மரம் வெட்டப் போயிருந்தார்கள். நேரத்தை இர்யாவே முடிவு செய்தாள். சாயந்தரம் ரெய்னோ வீடு திரும்பியிருப்பான் என்று தெரிந்ததும் தொலைபேசியை எடுத்தாள். கண்ணுக்கெதிரே தெரிகிற வீடுதான். ஆனால் வெளிநாட்டு அழைப்பு. வளவளவென்று பேசினால் மாதக் கடைசியில் ஹில்டிங் முகம் சுளிப்பான். அதனால் சுருக்கமாகச் சொன்னாள்.

"நாளைக்குப் பன்னெண்டுக்கு ஆட்டம். நம்ம நேரம். வெச்சிடறேன்."

ஹில்டிங் வந்து காலணியைக் கழற்றும்போது அதையே அவனிடமும் சொன்னாள்: "பன்னெண்டுக்கு. நம்ம நேரம்."

நம்மிடம் இருப்பதுபோல 'நம்ம', 'எங்க' என்று இரண்டு சொல் அந்தப் பேச்சில் கிடையாது. ஒரே சொல்தான். கேட்கிறவன் தன்னைச் சேர்த்துக்கொண்டாலும் சரி, சொல்கிறவள் அவனை விட்டுவிட்டாலும் சரி, சத்தம் ஒன்றாகத்தான் கேட்கும்.

ரெய்னோ யோசித்தான்: தங்கச்சி சுவீடன்காரன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் 'நம்ம' என்றால் அவர்களுடையது. சுவீடன் நேரம்.

ஹில்டிங் யோசித்தான்: அண்ணனிடம் பேசிவிட்டு வந்து சொல்கிறாள். அவள் 'நம்ம' என்றால் அவள் பிறந்த வீட்டுடையது. பின்லாந்து நேரம்.

ஞாயிறு காலையில் அக்கரை தெரியாதபடி பனி கொட்டியது. பின்லாந்துக் கடிகாரத்தில் பன்னிரண்டு அடிக்கும்போது சுவீடன்காரர்கள் களத்தில் இருந்தார்கள். எதிரே ஒருவனும் இல்லை. நின்றார்கள், குதித்தார்கள், கை தட்டிச் சூடேற்றினார்கள். கடைசியில் காலி கோலுக்குள் வட்டைத் தட்டிவிட்டு, நடுவரை விசில் ஊதச் சொல்லி, ஜெயித்தோம் என்று கெண்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்கு முந்தின வருஷமும் அவர்களே ஜெயித்திருந்ததால் கெண்டி அவர்கள் கையில்தான் இருந்தது. போகிற அவசரத்தில் மூடி பனியில் விழுந்ததைக் கவனிக்கவில்லை. நடுவரும் கால் மரத்துப்போய் அவர்களோடேயே போய்விட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து, சுவீடன் கடிகாரத்தின் பன்னிரண்டுக்கு, ரெய்னோவின் ஆட்கள் வந்தார்கள். எதிரே ஒருவனும் இல்லை. பனியில் மூடி மட்டும் கிடந்தது. "பயந்து ஓடிட்டானுங்க! மூடிய விட்டுட்டு ஓடிட்டானுங்க!" அவர்களும் காலி கோலுக்குள் ஒரு வட்டைத் தட்டிவிட்டு, மூடியோடு வீடு திரும்பினார்கள்.

இர்யா எந்த நேரத்துக்குப் போனாள்? அவள் போகவே இல்லை. காலையிலிருந்து இழவு வீட்டில் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். அடக்கத்துக்கு வந்த இரண்டு அணியும் அவள் ஊற்றிய காப்பியைக் குடித்துக்கொண்டே ஜெயித்த கதையைப் பேச ஆரம்பித்தபோதுதான் வினை வெடித்தது. செத்தவரை மறந்துவிட்டார்கள். சட்டைகள் பிடிபட்டன. எல்லோரும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"எந்த நேரம் சொன்ன?"

"நம்ம நேரம்னு சொன்னேன்."

"யாரோட நம்ம?"

இர்யா கையில் தட்டோடு நின்றாள். நிலைப்படியில் நின்று பேசியது ஞாபகம் இருந்தது. இடது பக்கம் ஒரு கடிகாரம், வலது பக்கம் ஒரு கடிகாரம். எதைப் பார்த்தாள்?

அதோடு ஆட்டம் நின்றது. கெண்டி ஹில்டிங் வீட்டு அலமாரியில் ஏறியது. மூடி ரெய்னோ வீட்டு ஆணியில் தொங்கியது. மூடியைத் திருப்பித் தராத வரையில் ஹில்டிங் மச்சானைக் கூப்பிடமாட்டான். தோற்றதை ஹில்டிங் ஒப்புக்கொள்ளாத வரையில் ரெய்னோ அந்த வீட்டுப் படி ஏறமாட்டான். தங்கச்சி மேல் கோபமில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்வான். மீன் பிடித்தால் அவள் பங்கை ஆற்றுப் பாலத்து முனையில் வைத்துவிட்டுப் போன் அடிப்பான். "மீனு இருக்கு. காக்கா தூக்கறதுக்குள்ள வந்து எடு." பாலம் தாண்டி இன்னும் நாலு வீடு நடந்தால் அவள் அடுப்படி. நடக்கமாட்டான். அவள் பையன் கல்யாணத்துக்குத் தேவாலயம் வரை வந்தான், விருந்துக்கு வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் இர்யா மேசையில் ஒரு கோப்பை கூடுதலாக வைப்பாள். அவன் விரும்பியபடி பாலாடைக்கட்டியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, அந்த ஊர் வழக்கப்படி காப்பியில் போடத் தயாராக வைப்பாள். பிறகு அவளே தின்றுவிடுவாள்.

இப்படியே முடி நரைத்தது.

போன குளிர்காலத்தில் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த விளையாட்டு ஆசிரியை தூவா, அவள் வீட்டுக் கதவைத் தட்டினாள். தெற்கிலிருந்து வந்தவள். கண்ணில் வெளிச்சம் கொஞ்சம் அதிகம்.

"இர்யா, ஆத்து ஆட்டத்த மறுபடியும் ஆரம்பிக்கப் போறோம். ரெண்டு ஊரும் சரின்னுடுச்சு."

"ரெண்டு ஊருமா? எந்த விஷயத்துலயும் சேந்து சரின்னு சொன்னதில்லையே."

"ஒரு நிபந்தனை போட்டிருக்காங்க. போன ஆட்டத்துல ஜெயிச்சது யாருன்னு முதல்ல முடிவாகணும். கெண்டியும் மூடியும் ஒண்ணாகி அந்தக் கரைக்குப் போகணும். அதுக்கப்புறம்தான் புது ஆட்டம். நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். களத்துல, மைக்குல."

"என்ன வார்த்த?"

"நம்மன்னா யாருன்னு."

தூவா போனபின் இர்யா நிலைப்படியிலேயே நின்றாள். விஷயம் என்னவென்றால், அது நேராகக்கூட இல்லை. பின்லாந்து நேரத்தைச் சொன்னேன் என்றால், அந்த நேரத்துக்கு வந்தவர்கள் சுவீடன்காரர்கள், சுவீடன் ஜெயிக்கும். சுவீடன் நேரத்தைச் சொன்னேன் என்றால் பின்லாந்து ஜெயிக்கும். பிறந்த வீட்டுப் பிள்ளை நான் என்றால் பிறந்த வீடு தோற்கும். புகுந்த வீட்டுக்காரி நான் என்றால் புகுந்த வீடு தோற்கும். எந்தப் பக்கம் வாயைத் திறந்தாலும் அந்தப் பக்கத்துக்கே அடி. ரெய்னோ படி ஏறி வர வேண்டுமானால் அண்ணனைப் பார்த்து, "நான் உங்களவ இல்ல" என்று மைக்கில் சொல்ல வேண்டும்.

"சொல்லிடேன்," என்றான் ஹில்டிங், கூடத்திலிருந்து. "பின்லாந்து நேரம்தான்னு. அதுதானே நெஜம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

அன்று சாயந்தரம் ரெய்னோ போன் செய்தான். மீன் இல்லை. "எதாவது சொல்லணும்னா நல்லா யோசிச்சுச் சொல்லு புள்ள. நீ சொன்னது சுவீடன் நேரம். அவ்வளவுதான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாதா?"

இரண்டு பேருக்கும் தெரிகிறது, எனக்கு மட்டும் தெரியவில்லையே என்று நினைத்தாள். கடிகாரங்களைப் பார்த்தாள். இரண்டும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன.

ஆட்ட நாளன்று நல்ல வெயில். பனியில் கண் கூசியது. தூவா ஜாக்கிரதையாக இரண்டு நாட்டு நேரத்தையும் போட்டு அறிவிப்பு ஒட்டியிருந்தாள். அப்படியும் பாதிப் பேர் முன்கூட்டி வந்துவிட்டார்கள், பாதிப் பேர் இன்னும் கரையில் நின்றார்கள். இர்யா ஹில்டிங்குக்கு முன்பே கிளம்பினாள். காலால் உதைத்து ஓட்டும் நாற்காலிச் சறுக்குவண்டியின் இருக்கையில் கெண்டியைக் கயிற்றால் கட்டி, ஆற்றின் மேல் தள்ளிக்கொண்டு போனாள். சிவப்பு நடுக்கோடு வந்ததும் நின்றாள். அதைத் தாண்டவும் தோன்றவில்லை, திரும்பவும் தோன்றவில்லை.

எதிர்க் கரையிலிருந்து ரெய்னோ வந்தான். முட்டி வலியால் காலை இழுத்து நடந்தான். கையில் மூடி. பின்னாலிருந்து ஹில்டிங் வந்தான். நேருக்கு நேர் நின்றதும் இருவரும் அவளைத்தான் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"கெழடாயிட்டான்," என்றான் ரெய்னோ, ஹில்டிங்கைக் காட்டி, அவளிடம்.

"அவன்கிட்ட சொல்லு, பல்லு இப்ப எல்லாமே போச்சுன்னு," என்றான் ஹில்டிங், அவளிடம். "ஒண்ணு மட்டும் இல்ல."

தூவா மைக்கை நீட்டினாள். கூட்டம் அடங்கியது. இர்யா மைக்கை வாங்கினாள். ஆனால் வாய் கூட்டத்தை நோக்கித் திரும்பவில்லை.

"ரெய்னோ. நான் நம்ம நேரம்னு சொன்னப்போ, சுவீடன் நேரம்னு ஏன் நெனச்ச?"

ரெய்னோ விழித்தான். "என்னது?"

"ஏன்?"

"ஏன்னா... நீதான் போயிட்டியே. கல்யாணம் ஆகி. அவங்க ஆளாயிட்ட."

"எங்க போனேன்? ஜன்னலத் தொறந்தா உன் கோழி தெரியுது எனக்கு." ஹில்டிங் பக்கம் திரும்பினாள். "நீ? என் கூடத்தான் இருந்த. ஒரே மேசையில சாப்பிட்ட. நம்மன்னு சொன்னா நீயும் நானும்னு தோணலியா?"

ஹில்டிங் தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான். "நீ எப்பவும் சமையலறைக் கடிகாரத்தத்தானே பாப்ப. அது உங்க வீட்டுது. நான் நெனச்சேன்... நீ இன்னும் அங்கதான்னு."

"அவன் என்னைய உனக்குக் குடுத்துட்டான். நீ என்னைய அவனுக்குக் குடுத்துட்ட. ஒரே சாயந்தரத்துல." குரல் மைக்கில் ஆற்றின் இரண்டு கரைக்கும் போய் எதிரொலித்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. "அப்போ நான் எங்க இருந்தேன்?"

ரெய்னோ மூடியைப் பார்த்தான். ஹில்டிங் பனியைப் பார்த்தான், பழைய பல்லைத் தேடுகிறவன் மாதிரி. தூவாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "அப்ப... ஜெயிச்சது யாரு இர்யா?"

"தெரியல."

"எதாவது ஒண்ணு..."

"தெரியலன்னா தெரியல. அன்னிக்கு நடுவுல நின்னு பேசினேன். எந்தக் கடிகாரத்தப் பாத்தேன்னு சத்தியமா ஞாபகம் இல்ல. ஒண்ணையும் பாக்காமயே சொல்லியிருப்பேன்."

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். இன்னொருத்தி, "அதத்தான் அவ முதல்லேர்ந்து சொல்லிட்டிருக்கா" என்றாள். ரெய்னோ குனிந்து, மூடியைக் கெண்டியின் மேல் வைத்தான். உட்காரவில்லை. இத்தனை காலமும் ஆணியில் தொங்கினதோடு, நடுநடுவே நாய்க்குத் தண்ணி வைத்ததில் விளிம்பு நெளிந்திருந்தது. அழுத்திப் பார்த்தான். ஹில்டிங்கும் குனிந்து ஒரு பக்கம் அழுத்தினான். ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கம் எழும்பியது.

"நாய்க்கா வெச்ச?" என்றான் ஹில்டிங். முதல்முறையாக நேராக.

"நல்ல நாய்டா அது."

இளசுகள் பொறுமை இழந்து மட்டையால் பனியைத் தட்ட ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு ஜெயித்தது யார் என்பதெல்லாம் தாத்தா காலத்துத் தகராறு. விசிலை வாயில் வைக்கப் போன நடுவர், "மணி ஆச்சா?" என்று கேட்டார். இர்யா செல்போனை எடுத்துப் பார்த்தாள். நடுக்கோட்டில் நின்றதால் அதற்கு எந்தக் கரையின் சிக்னல் கோபுரத்தைப் பிடிப்பது என்று தெரியவில்லை. ஏதோ ஒரு மணியைக் காட்டியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மணி நேரம் பின்னால் போனது. மறுபடி முன்னால் வந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு, ஏனோ தெரியவில்லை, அதன் மேல் பாசமாக இருந்தது.

"ஆச்சுன்னு வெச்சுக்க," என்றாள். நடுவர் விசில் ஊதினார். பிள்ளைகள் அவர்களைச் சுற்றிக்கொண்டு பாய்ந்தார்கள்.

மூன்று கிழடுகளும் களத்தின் ஓரத்துக்கு நகர்ந்தார்கள். ரெய்னோ மூக்கைத் துடைத்தான். ஆட்டத்தைப் பார்க்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "இந்த ஞாயித்துக்கெழமை... காப்பி போடுவியா?" என்றான்.

"எல்லா ஞாயித்துக்கெழமையும்தான் போடறேன்."

"எத்தன மணிக்கு?"

"மூணுக்கு." அவள் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டதை நிறுத்த முடியவில்லை. "நம்ம நேரம்."

ரெய்னோ ஹில்டிங்கைப் பார்த்தான். ஹில்டிங் ரெய்னோவைப் பார்த்தான். இரண்டு பேர் உதடும் கணக்குப் போடத் தொடங்கி, பாதியில் நின்றன. எந்த நேரம் என்று கேட்க இருவருக்குமே தைரியம் வரவில்லை.

"இப்பவே வந்துட்டா என்ன?" என்றான் ரெய்னோ கடைசியில். "ஞாயித்துக்கெழம வரைக்கும் இத வெச்சுக்கிட்டு என்னால தூங்க முடியாது."

இர்யா வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பி உதைத்தாள். பொருந்தாத மூடி கெண்டியின் மேல் கடகடவென்று ஆடியது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு, ஒருவன் வலப்பக்கமும் ஒருவன் இடப்பக்கமுமாக, இரண்டு பேரும் அவள் பின்னாலேயே நடந்தார்கள்.